நாலு வருஷத்து டிவி

சரவணா,

நேற்றும் நீ கேட்டிருந்தாய், டிவி எப்படி இருக்கிறது, ஃபைனல் பண்ணிவிடட்டுமா என்று. நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் அந்தப் பொம்மையை அனுப்பினேன். போன வாரம் கேட்டபோதும் அதையேதான் அனுப்பினேன். அந்தக் கட்டைவிரல் பொய். அறுபத்தொன்பது வயதில், பெற்ற பிள்ளையிடம் பொம்மையை வைத்துப் பொய் சொல்லும் நிலைமைக்கு வந்துவிட்டேன் பார். அதனால்தான் இன்றைக்கு உட்கார்ந்து கையால் எழுதுகிறேன். முடித்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து அனுப்புவேன். தமிழில் எழுதித் தொலைக்கிறாரே இந்த மனுஷன், எப்போது படித்து முடிப்பது என்று அலுத்துக்கொள்ளாதே. உனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை, யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாமல் நீயே படி. இதை இங்கிலீஷில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

ஒரு மாதம் வைத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று டிவிக் கம்பெனியில் சொன்னார்கள் அல்லவா? அந்த மாதம் வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் நாலு வருஷ ஒப்பந்தம் தானாகத் தொடங்கிவிடுமாம். நாலு வருஷம்! உன் அம்மாவைப் பற்றி டாக்டர் பேசும்போது வருஷம் என்ற சொல்லையே எடுப்பதில்லை, மாதம் மாதமாகத்தான் பேசுகிறார். அவள் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நடக்கிறாள், சாப்பிடுகிறாள், என்னைத் திட்டவும் செய்கிறாள். ஞாபகம்தான் போய்க்கொண்டே இருக்கிறது. இன்னும் நாலு மாதம் கழித்து நீ வந்து நின்றால் உன்னை மகன் என்று அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? எனக்குத் தெரியவில்லை, டாக்டருக்கும் தெரியவில்லை. என் தலைக்குள் ஓடுவது இது ஒன்றுதான். நீயோ எந்தச் சேனல் பேக் வேண்டும், ஸ்போர்ட்ஸ் சேர்க்கவா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாய்.

நீ அனுப்பிய டிவியைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். நான் கோபக்காரன், எதை அனுப்பினாலும் குறை சொல்வேன் என்று உனக்கு ஓர் எண்ணம் உண்டு. அதனால் நல்லதை முதலில் சொல்கிறேன். மாட்ட வந்தவர் நாற்பது வயதுக்காரர், பீகார் பக்கம். "ந டப்பா, ந சத்ரி, சப் அந்தர் ஹை அங்கிள்ஜி" என்றார். பெட்டியும் வேண்டாம், குடையும் வேண்டாம், எல்லாம் டிவிக்கு உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். டிஷ்ஷை இந்த வடக்கத்தி ஊரில் குடை என்றுதான் சொல்லுவார்கள், நீ மறந்திருக்க மாட்டாய். அந்தக் குடை பட்ட பாட்டை நினைத்துப் பார். முனிர்காவில் இந்த இரண்டாம் மாடிக்கு வந்த நாள் முதல் குரங்குகள் அதைத் திருகித் திருகி விளையாடின. நல்ல கட்டத்தில் படம் நின்றுவிடும், நான் குச்சியோடு பால்கனிக்கு ஓடுவேன், உன் அம்மா உள்ளேயிருந்து "வந்துருச்சு... போயிருச்சு... ஆ, வந்துருச்சு" என்று குரல் கொடுப்பாள். அந்தத் தொல்லை போயிற்று. வயர் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. தமிழ்ச் சேனல் எல்லாமே வருகிறது, முன்பு காசு கட்டியும் வராத சேனல்கூட வருகிறது. டிவி நமக்குச் சொந்தமில்லை, மாதாமாதம் சந்தா கட்டுகிற வரைக்கும்தான் அது டிவி, கட்டாவிட்டால் சுவரில் மாட்டிய கறுப்புப் பலகை என்பது எனக்கு உறுத்தத்தான் செய்தது. அதையும் நான் ஒரு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. பாதி வாழ்நாள் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருந்தவனுக்குச் சொந்தம் என்ன, வாடகை என்ன?

கஷ்டம் எங்கே வந்தது என்றால், பழைய ரிமோட்டில் நம்பர் இருந்தது. உன் அம்மாவுக்கு ஆயிரம் விஷயம் மறந்தாலும் அவளுடைய மூன்று சேனல்களின் நம்பரையும் விரலே போய் அழுத்திவிடும். நான் அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருக்கிறேன். காலையில் காபி குடித்தோமா என்பது தெரியாது, ஆனால் விரலுக்கு நம்பர் தெரியும். புது ரிமோட்டில் நம்பரே கிடையாது. நாலு பொத்தான், ஒரு மைக். டிவியைப் போட்டதும் சேனல் வராது, கட்டம் கட்டமாக முகங்கள்தான் வரும், அதுவும் தினம் தினம் வேறு வேறு முகம். "யாருங்க இவ்வளவு பேரு? எதுக்கு நம்ம வீட்டுக்கு வந்திருக்காங்க?" என்று முதல் நாள் பயந்துவிட்டாள். தொடர்ந்து கொஞ்ச நேரம் ஓடினால், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்று அதுவே இங்கிலீஷில் எழுதிக் கேட்கிறது. "என்ன கேக்கான்?" என்றாள். "இன்னும் பாக்கியான்னு கேக்கான்" என்றேன். "பாத்துக்கிட்டுதானய்யா இருக்கேன், ஒனக்குக் கண்ணு தெரியலையா?" என்று டிவியைப் பார்த்து ஒரு அதட்டு அதட்டினாள் பார்! வெகு நாளைக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

வாயால் சொன்னால் கேட்கும் என்று நீ சொன்னாயே, அதையும் பார்த்தேன். முதலில் பாஷையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. தமிழ் வைத்தேன். "டிவியை பந்த் பண்ணு" என்றேன். அணை என்பதற்கு நாம் எப்போதும் அப்படித்தானே சொல்வோம்? அதற்கு பந்த் புரியவில்லை. ஏதோ ஒரு ஊரில் நடந்த கடையடைப்புச் செய்தியைக் கொண்டுவந்து போட்டது. ஹிந்திக்கு மாற்றினேன். இப்போது பண்ணு புரியவில்லை. அரை மணி நேரம் நானும் அதுவும் மல்லுக்கு நின்றோம். கடைசியில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது, முப்பத்தைந்து வருஷமாக நம் குடும்பத்தில் எந்த பாஷையில் பேசினோம் என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. அந்தக் குழப்பத்துக்கு நான்தான் காரணம். அதைச் சொல்லத்தான் வருகிறேன்.

உன் அம்மாவின் நோய் எப்படித் தொடங்கியது என்று உனக்குத் தெரியும், ஆனால் சரியாகத் தெரியாது. ஐ.என்.ஏ. மார்க்கெட் கதையை உனக்கு போனில் சொன்னேன், நீயும் சிரித்தாய். அன்றைக்கு அப்பளமும் நல்லெண்ணெயும் வாங்கிக்கொண்டு, வெளியே காய்க்காரரிடம் வந்தோம். இருபது வருஷமாக அவரிடம்தான் வாங்குகிறாள். அவள் பேரம் பேசினால் பக்கத்துக் கடைக்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள், அப்படி ஒரு ஹிந்தி. அன்றைக்கு அவர் முன்னால் நின்று "வெண்டக்கா அரைக் கிலோ" என்றாள். அவர் "க்யா மாஜி?" என்றார். "வெண்டக்கா, வெண்டக்கா" என்று இன்னும் சத்தமாகச் சொன்னாள். பிண்டி என்ற ஹிந்திச் சொல் அவள் வாயில் வரவே இல்லை. என் பக்கம் திரும்பி, "என்னங்க, இந்தாளுக்குத் தமிழ் மறந்து போச்சா?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன், சரவணா. வீட்டுக்கு வந்து பத்துப் பேருக்கு அதை ஜோக்காகச் சொன்னேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அதற்குப் பிறகு ஹிந்தி மளமளவென்று போயிற்று. முதலில் பெயர்கள், பிறகு வாக்கியங்கள், பிறகு கேட்டாலும் புரியாமல் போயிற்று. பால்காரர் பேசினால் என்னைப் பார்க்கிறாள். இங்கிலீஷில் அவளுக்கு இருந்ததே ஒரு கைப்பிடி, அதுவும் போயிற்று. பிற்பாடு கற்றதுதான் முதலில் போகும், சின்ன வயதில் வாய்க்கு வந்த பாஷை கடைசி வரைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று டாக்டர் சொன்னார். இப்போது அவளிடம் மிச்சம் இருப்பது திருநெல்வேலித் தமிழ் ஒன்றுதான். அதுவும் சுத்தமான தமிழ். ஒரு அச்சா, ஒரு ஜல்தி கூட அதில் கிடையாது.

இனி என் தவறுக்கு வருகிறேன். உனக்கு அப்போது அஞ்சு வயது. மோதி பாக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். பத்து நிமிஷ நடையில் தமிழ்ப் பள்ளிக்கூடம். உன் அம்மா அங்கேதான் சேர்க்க வேண்டும் என்றாள். "அங்க படிச்சு இவன் என்ன செய்யப் போறான்?" என்று சொல்லி நான் உன்னை பஸ்ஸில் ஏற்றி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். உனக்கு ஒரு வார்த்தை ஹிந்தி தெரியாது. மற்றப் பிள்ளைகள் மதராஸி மதராஸி என்று கேலி செய்தார்கள். நீ பஸ் வந்தால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாய். டயரியில் டீச்சர் எழுதி அனுப்பினார், பையன் வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று. எனக்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உத்தரவு போட்டேன். "இனிமே இவன்கிட்ட தமிழ்ல ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஹிந்திதான்." உன் அம்மா அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டாள். "எனக்கு வராத பாஷையில எம்புள்ளைய எப்பிடிங்க கொஞ்சுவேன்?" அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "டிவி பாரு. பாத்துக் கத்துக்க" என்றேன்.

அவள் கற்றுக்கொண்டாள். மத்தியானம் வேலை முடிந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்து, ஹிந்தி சீரியலில் அம்மாக்காரி என்ன சொல்கிறாளோ அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்ப்பாள். நீ வந்ததும் அதை உன்னிடம் பேசுவாள். நீ பாலைக் குடிக்காவிட்டால் "தும்ஹே மேரி கசம்" என்பாள். என்மேல் ஆணை என்று அர்த்தம். ஒரு தம்ளர் பாலுக்கு எந்தத் தாய் ஆணையிடுவாள்? சீரியலில் அப்படித்தான் சொன்னார்கள், அதனால் இவளும் சொன்னாள். நீயும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒரு பொம்பளை தன் பிள்ளையோடு பேசுவதற்காக டிவியிலிருந்து அம்மா வேஷத்தைப் படித்துக்கொண்டிருந்தாள், நான் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ இந்தக் கடிதத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கிறாயே, அதற்கும் நான் காரணமில்லை. நான் ஆபீஸில் இருக்கும்போது தேதிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவள் உனக்கு அ, ஆ எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஒரு நாள் மெத்தைக்கு அடியில் அந்தத் தாள்கள் என் கையில் சிக்கின. எல்லாவற்றையும் உன் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டேன். நீ அழுதாய். அவள் அழவில்லை, குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாள். அதற்குப் பிறகும் எப்போதோ எங்கேயோ வைத்து மிச்ச எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். எப்படி, எந்த நேரத்தில் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. இனிமேல் கேட்கவும் முடியாது.

இப்போது நீ டிவியில் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். டிவி வந்த வாரம். நீ அங்கே டொராண்டோவில் சனிக்கிழமை வேலையெல்லாம் முடித்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாய். டிவியின் தலையில் முகம் பார்த்துப் பேச ஒரு கேமரா. நான் காலையிலேயே உன் அம்மாவைக் குளிப்பாட்டி, தலை வாரி, நீ வாங்கிக் கொடுத்த நீலப் புடவையைக் கட்டிவிட்டேன். "இன்னிக்கு சரவணன் வாரான்" என்று பத்துத் தடவை சொன்னேன். சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நீ வந்தாய். நிலைக் கதவு அளவுக்குப் பெரிய முகம். புதுக் கண்ணாடி, தாடி. கீழே சரண் என்று இங்கிலீஷில் பெயர். நாங்கள் சரவணன் என்று வைத்தோம், பள்ளிக்கூடத்தில் அது சரண் ஆயிற்று, நீயும் அதையே வைத்துக்கொண்டாய். "ஹாய் மம்மி! கைசி ஹோ? மேரி யாத் ஆதி ஹை?" என்றாய். என் ஞாபகம் வருகிறதா என்று நீ அவளைக் கேட்டாய். அவள் கண்ணை எடுக்காமல் உன்னையே பார்த்தாள். நீ பேசிக்கொண்டே போனாய். நடுவில் உன் குரல் உடைந்தது, "மம்மி, குச் தோ போலோ" என்று அழுதாய். ஏதாவது பேசேன் மம்மி என்று. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து உனக்கு எவ்வளவு சந்தோஷம்! பாருங்க பப்பா, பஹ்சான் லியா, அடையாளம் தெரிஞ்சுருச்சு என்று குதித்தாய். நானும் தலையை ஆட்டினேன்.

நீ போனதும் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். "இந்தப் பய நல்லா நடிக்கான். ஆனா ஹிந்தி நாடகம் நமக்கு எதுக்குங்க? ஒண்ணும் வெளங்கல. தமிழ்ல எதாவது போடுங்க" என்றாள். அவள் அதோடு விடவில்லை. டிவி மூலையில் சின்னக் கட்டத்தில் நம் பக்கத்துப் படமும் தெரியும் அல்லவா, நீலப் புடவையோடு அவளே உட்கார்ந்திருந்தாளே, அதைத்தான் சொன்னாள். "மம்மி மம்மின்னு அந்தப் பய உருகுதான். மூலையில ஒருத்தி இருந்தாளே, அவதானே பெத்தவ? வாயத் தெறந்து ஒரு வார்த்தை பேசினா என்னவாம் அவளுக்கு? கல்நெஞ்சுக்காரி. பாத்தியளா, கல்லு மாதிரி உக்காந்திருக்கா."

நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அம்மா வெரி ஹேப்பி என்று உனக்கு மெசேஜ் போட்டேன். அதற்கு அடுத்த ஞாயிறும், அதற்கு அடுத்த ஞாயிறும் நெட் வேலை செய்யவில்லை என்று சொன்னேனே, அதுவும் பொய். நெட் நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கல்நெஞ்சுக்காரி நாடகம் இன்றைக்கு உண்டா என்று அவள் கேட்டபோது எனக்கு உன்னைப் போடத் தைரியம் வரவில்லை. உன் தாய் தன்னையே பார்த்துத் திட்டிக்கொண்டிருப்பதை நான் எத்தனை ஞாயிறு உட்கார்ந்து பார்ப்பேன், சொல்லு?

உன்னை அவள் மறந்துவிட்டாள் என்று நினைக்காதே. சரவணனை அவளுக்கு நன்றாகத் தெரியும். மத்தியானம் இரண்டரை மணி ஆனால் பால்கனியில் போய் நிற்கிறாள், ஸ்கூல் பஸ் வரும் நேரம் என்று. அவள் சரவணனுக்கு ஆறேழு வயது. தாடி வைத்துக்கொண்டு ஹிந்தி பேசுகிற அந்த ஆள் யார் என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. சரி, படம்தானே குழப்புகிறது, வெறும் போனில் பேசிப் பார்க்கலாம் என்று போன புதன்கிழமை உன்னைக் கூப்பிட்டு அவள் காதில் வைத்தேன். "ஹலோ மம்மி" என்று தொடங்கி நீ என்னென்னவோ பேசினாய். போனை என்னிடம் நீட்டி, "யாரோ ஹிந்திக்காரங்க, ராங் நம்பர்" என்றாள். நீ அந்தப் பக்கம் அதைக் கேட்டாயோ இல்லையோ, லைன் சரியில்லை என்று வைத்துவிட்டாய்.

இந்த இடத்தில் நான் கையை விரித்திருப்பேன். ஆனால் வெள்ளிக்கிழமை ஒன்று நடந்தது. மேல் மாடிக்கு ராணுவத்தில் வேலை பார்க்கும் ஒருவர் குடி வந்திருக்கிறார். தேனிப் பக்கத்துக்காரர்கள். அவர் மனைவி ஒரு கிண்ணத்தோடு வந்து வாசலில் நின்று, "அம்மா, கொஞ்சம் உறை மோர் இருக்குமாம்மா?" என்று கேட்டாள். உன் அம்மா எழுந்தாள். நேராக அடுப்படிக்குப் போனாள். எது உப்பு எது சர்க்கரை என்று தெரியாமல் மாதக் கணக்கில் அங்கே போகாதவள், ஃபிரிட்ஜைத் திறந்து, தயிரை எடுத்து, ஒரு கரண்டி கிண்ணத்தில் ஊற்றி, "பாலு வெதுவெதுப்பா இருக்கையிலே ஊத்து தாயி, சூடா ஊத்திராதே" என்று சொல்லிக் கொடுத்தாள். அந்தப் பொண்ணு போன பிறகும் பத்து நிமிஷம் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது. யாரோ வந்து கேட்ட ஒரு கரண்டி மோருக்குக் கிடைத்தது என் பிள்ளைக்குக் கிடைக்கவில்லையே என்று எரிந்தது.

அதனால் கேட்கிறேன். நீ வா. அடுத்த தீபாவளிக்கு என்று சொல்லாதே. விசா பேப்பர் வரட்டும், லீவு சாங்ஷன் ஆகட்டும், புது மேனேஜர் வந்திருக்கிறார் என்று சொல்லாதே. மூன்று வருஷமாக அதையெல்லாம் கேட்டுவிட்டேன். நீ போகும்போது, நாங்க பாத்துக்கறோம், நீ கவலைப்படாம போ என்று ஏர்போர்ட்டில் மார் தட்டியவன் நான்தான். என்னால் பார்த்துக்கொள்ள முடியவில்லை. தோற்றுவிட்டேன். தண்ணீர் மெஷின் அனுப்பினாய், மாத்திரை மாதாமாதம் தானாக வருகிறது, மளிகை தானாக வருகிறது, இப்போது டிவி. நீ அக்கறை இல்லாதவன் என்று நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன். ஆனால் அவளுக்கு வேண்டியது எதுவோ அது சந்தா கட்டினால் வருவது இல்லை, ஐயா. உன்னிடம் நான் இதுவரைக்கும் எதற்கும் கெஞ்சியதில்லை. அப்பன் என்ற திமிர். இப்போது கெஞ்சுகிறேன். காலில் விழு என்றால் விழுகிறேன்.

வந்து வாசலில் நின்று ஹாய் மம்மி என்று ஆரம்பிக்காதே. தாடியை எடுத்துவிட்டு வா. கண்ணாடியையும் முடிந்தால் கழற்றிக்கொள். "எம்மா, பசிக்கும்மா" என்று சொல். அவ்வளவு போதும். அந்த ரெண்டு வார்த்தையை அங்கேயே சொல்லிப் பழகிக்கொள், டிவியைப் பார்த்து அவள் பழகிக்கொண்ட மாதிரி. அவள் உன்னைக் கட்டிப் பிடித்து அழுவாள் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். நீ யார் என்று கேட்டாலும் கேட்பாள். ஆனால் பசிக்கிறது என்று தமிழில் சொன்னவனை அவள் நிற்க வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள். மகன் என்று தெரியாவிட்டாலும் உனக்கு ஒரு வாய் சோறு போடுவாள். அதையாவது நீ அவள் கையால் சாப்பிட்டுவிட வேண்டும் என்று நான் துடிக்கிறேன். தாமதித்தால் அதுவும் கிடைக்காது.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போய் அந்த டிவிக் கம்பெனி ஆப்பைத் திறந்தேன். சேர்வதற்கு இடம் பளிச்சென்று இருக்கிறது, வேண்டாம் என்று சொல்வதற்கான இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவே வெகு நேரம் ஆயிற்று. காரணம் என்ன என்று கேட்டது. படம் தெளிவில்லை, சேனல் போதவில்லை, வீடு மாறுகிறோம், வேறு கம்பெனிக்குப் போகிறோம் என்று வரிசையாகப் போட்டிருந்தான். எதுவும் நமக்குப் பொருந்தவில்லை. கடைசியில் பிற என்று இருந்ததைத் தொட்டேன். எழுதச் சொல்லி ஒரு கட்டம் வந்தது. என் மகன் நேரில் வருகிறான் என்று எழுதி அனுப்பிவிட்டேன். வியாழக்கிழமை வந்து கழற்றிக்கொண்டு போகிறார்களாம். முப்பத்தாறு வருஷம் சர்க்கார் ஆபீஸில் ஃபைலில் குறிப்பு எழுதியே சம்பளம் வாங்கினவன் நான். நடக்காத ஒன்றை ஒரு வரிகூட எழுதியதில்லை. இன்றைக்கு எழுதியிருக்கிறேன். வந்துவிடடா.

அப்பா